மொன்றியல் வானத்தில் கமெரா ஏற்றப் பட்ட பாடு

கையில் கமெராவோடு கலியாண வீட்டுக்குள் நுழைகிறவரிடம் யாரும் லைசன்ஸ் கேட்பதில்லை. அதே கமெராவுக்கு நாலு விசிறி பூட்டி நிலத்தை விட்டு எழுப்பிவிட்டால், இந்த நாட்டுச் சட்டப்படி அது விமானம், அதை ஓட்டுகிறவர் விமானி. மொன்றியலில் பல வருடங்களாகக் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று படம் பிடித்துப் பிழைத்துவரும் நான், நாற்பது வயதும் தாண்டிய பிறகு விமானியான விதத்தைத்தான் சொல்லப் போகிறேன். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், "எனக்கும் இதுதான் நடந்தது" என்று தலையாட்டுவீர்கள் என்று தெரியும். மற்றவர்கள் இனிமேல் படக்காரரைப் பார்த்து "மேலாலையும் ரெண்டு எடுங்கோவன்" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தால் போதும்.

மேலாலை வருமோ?

மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் வசந்தி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டுக்குப் படம் எடுப்பது பற்றிப் பேச்சு. என்னுடைய அல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகத்தில் நல்ல திருப்தி. வடையும் தேத்தண்ணியும் வந்தன. எல்லாம் சரிவந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் அல்பத்தை மூடிவிட்டு, "தங்கச்சி, உங்களிட்டை ட்ரோன் இருக்கோ?" என்றார். டொரொண்டோவில் அவருடைய மச்சாள் வீட்டுப் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்ததை மேலேயிருந்து எடுத்திருந்தார்களாம். குடையெல்லாம் பூப் போலத் தெரிந்ததாம்.

"இஞ்சை அப்பிடி ஏத்தேலாது அக்கா. இந்தப் பக்கத்து வானம் விமான நிலையத்தின்ரை கட்டுப்பாட்டிலை கிடக்கு. அதுக்குப் பெரிய லைசன்ஸ் எடுக்கோணும்" என்று விளக்கினேன். வெளிச்சம், நிழல், முகபாவம் என்று நான் கற்றுக்கொண்ட வித்தைகளையும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அல்பத்தை என் கையில் தந்தபடி சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, கீழாலை எடுக்கிற படம் எங்கடை போனிலையும் வருது."

மேகத்தின் பெயர்கள்

அந்த மாதம் அப்படிக் கைவிட்டுப் போனது வசந்தி அக்கா வீடு மட்டுமில்லை. வேறு வழியில்லை என்று படிக்க உட்கார்ந்தேன். லைசன்ஸில் இரண்டு வகை. சின்னது, ஊருக்கு வெளியே ஆளில்லாத வெளிகளில் பறக்கவிட. பெரியது, விமான நிலையத்துக்குக் கிட்டவும் ஆட்கள் இருக்கிற இடங்களிலும் பறக்கவிட. சின்னதை ஒரு மாதிரி எடுத்துவிட்டேன். மொன்றியல் தீவில் பிழைக்க வேண்டுமென்றால் பெரியதுதான் வேண்டும். அதற்கு வானிலை, வரைபடம், றேடியோவில் கதைக்கும் முறை, சட்டம், குளிரில் பற்றரி படும் பாடு, குடித்தவன் மூளை படும் பாடு எல்லாம் படிக்க வேண்டியிருந்தது. இணைய வகுப்பில் கார்த்திக் என்று சென்னைத் தம்பி ஒருவர் அறிமுகமானார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனி ஞாயிறில் ட்ரோன் ஆசை. "பயப்படாதீங்க அக்கா, பாதி லாஜிக், பாதி மனப்பாடம்" என்று உற்சாகப்படுத்துவார். எனக்கு அந்த முதல் பாதிதான் பிடிபடவில்லை.

பரீட்சை வீட்டிலிருந்தே கொம்பியூட்டரில் எழுதுவது. நூற்றுக்கு எண்பது எடுக்க வேண்டும். முதல் தடவை மயிரிழையில் தவறிவிட்டேன். குசினி மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது என் கணவர் பாலன் வந்து, "இஞ்சரும், வானத்திலையிருந்து விழேல்லைத்தானே, கதிரையிலையிருந்துதானே விழுந்தனீர்" என்று ஆறுதல் சொன்னார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். எந்த மேகம் எந்த உயரம், எது மழை கொண்டுவரும், எது இடி கொண்டுவரும் என்று சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மகள் அபிராவுக்குப் பள்ளிக்கூடம் பிரெஞ்சில். வீட்டிலும் தமிழ் தேவைக்குத்தான் வரும். அவள் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு, அன்றைக்குத் தேவை வந்ததுபோல நல்ல தமிழில் கேட்டாள்: "அம்மா, மேகம் வெளியிலைதானே நிக்குது, ஏன் புத்தகத்திலை தேடுறீங்கள்?"

விதைக்காத காணி

பரீட்சை இரண்டாம் தரம் பாஸ். ஆனால் அது எழுத்துக்குத்தான். அடுத்ததாக ஒரு பரிசோதகர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். அதற்குப் பழக வேண்டும். சின்ன லைசன்ஸோடு பழக இடம் லவாலையும் தாண்டித்தான் கிடைக்கும். பனி கரைந்து சேறாகிக் கிடந்த காலம். ஒரு கமக்காரரிடம் போனில் கேட்டு அவருடைய சோளக் காணியில் இடம் பிடித்தோம். பாலன் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். லீவு நாளில் எனக்குப் பார்வை உதவியாளர். அதாவது, நான் ட்ரோனைப் பார்க்க, அவர் சுற்றிலும் வானத்தைப் பார்த்து வருவது போவதைச் சொல்ல வேண்டும். மனிதர் வேலையை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். "வாத்து! வடக்கை வாத்து! கூட்டமா வருது, இறக்கும் இறக்கும்!" நானும் பதறி இறக்கினேன். வாத்துகள் அடுத்த மாகாணத்துக்குப் போகிற உயரத்தில் போய்க்கொண்டிருந்தன.

குளிருக்கு விரல் விறைத்துவிடும். பற்றரி பாதி நேரத்திலேயே சீவனை விட்டுவிடும். எட்டுப் போட்டுப் பழகினேன், வட்டம் போட்டுப் பழகினேன், காற்றுக்கு எதிராக நிறுத்திப் பழகினேன். இப்படி நாலைந்து கிழமை போனபிறகு அந்தக் கமக்காரர் ஒரு நாள் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். போன்ஜூர் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் சேற்றையும் ட்ரோனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில், ஓர் அயலவருக்குரிய உண்மையான கவலையோடு கேட்டார்: "மேடம், நான் இன்னும் ஒன்றும் விதைக்கவில்லையே, நீங்கள் எதைப் படம் எடுக்கிறீர்கள்?"

தலைக்கு மேலே ஒன்று போனது

பரிசோதகரின் பெயர் மிரெய். உயரமான, அதிகம் பேசாத பெண். கார்த்திக்குக்கும் எனக்கும் ஒரே நாளில் ஒரே வெளியில் பரிசோதனை. முதலில் கேள்விகள்: காற்று எந்தப் பக்கம், மின்கம்பி எங்கே, ஆள் நடமாட்டம் எங்கே, ட்ரோன் சொல்வழி கேளாமல் தன்பாட்டில் ஓடினால் யாருக்குப் போன் எடுப்பீர்கள். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். பிறகு பறக்கவிடச் சொன்னார். எழுப்பினேன். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, தூரத்து மரங்களுக்குப் பின்னால் ஆற்றில் வெயில் விழுந்தது. திரையில் அது தெரிந்த விதத்தை உங்களில் கமெரா பிடித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கை தானாகவே திரும்பியது. ஆற்றையும் மரத்தையும் சட்டத்துக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மிரெய்யைத் திரும்பிப் பார்த்தேன். புன்னகைகூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். அவர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன விமானம் ஒன்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. நான் அதற்கு வழிவிட்டு ட்ரோனை இறக்கியிருக்க வேண்டும்.

"படம் நன்றாக இருக்கிறது. ஆனால் இன்று உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது" என்றார். கோபமில்லை, இரக்கமும் இல்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. பதினாறு வயதில் ஒரு கமெராவைக் கையில் எடுத்த நாளிலிருந்து, கண்ணாடிக்குள் தெரிவது மட்டும்தான் உலகம் என்று பழகிய கண் இது. அந்தப் பழக்கத்தால் எனக்குச் சோறு கிடைத்ததே தவிர, அதனால் ஒரு ஆபத்து வரலாம் என்று நான் யோசித்ததே கிடையாது. திரும்பி வரும்போது பாலன்தான் கார் ஓட்டினார். கார்த்திக் பாஸ். பின் சீற்றில் இருந்து, எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர், பாலத்தைக் கடக்கும்போது மெல்லச் சொன்னார்: "அக்கா, நான் படமே எடுக்கல, அதனாலதான் பாஸ் ஆயிட்டேன்."

இரண்டாம் தரம்

மூன்று கிழமைக்குப் பிறகு அதே வெளி, அதே மிரெய். இந்த முறை திரையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ட்ரோன், வானம், காற்று, திரும்ப வானம். ஒரு விமானமும் வரவில்லை. ஒரு குருவிகூட வரவில்லை. இருந்தாலும் கழுத்து நோக நோக அண்ணாந்தபடியே எல்லாவற்றையும் செய்து முடித்து, பத்திரமாக இறக்கினேன். மிரெய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கைகொடுத்தார். காரில் ஏறப் போனவர் திரும்பி நின்று, முதல் தடவையாகச் சிரித்தபடி சொன்னார்: "வாழ்த்துகள் மேடம், ஆனால் இன்று நீங்கள் எடுத்ததெல்லாம் வெறும் புல்."

பக்கத்து வீட்டு நீச்சல் தடாகம்

லைசன்ஸோடு கிடைத்த முதல் வேலை இல்-பிசார் என்ற பக்கத்துத் தீவில். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டை மேலேயிருந்து எடுக்க வேண்டும். விமான நிலையத்துக்காரரின் அனுமதியைப் போனிலேயே எடுத்துக்கொண்டு, ஒளிரும் சட்டையும் போட்டுக்கொண்டு, விமானி என்ற மிதப்போடு வேலையைத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடம் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குளியல் உடுப்பின்மேல் துவாய் சுற்றிய ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், கை வீசிக்கொண்டு வந்தார். தன் நீச்சல் தடாகத்தை நான் படம் எடுக்கிறேனாம், பொலிஸைக் கூப்பிடப் போகிறாராம். நான் ட்ரோனை இறக்கிவிட்டு லைசன்ஸைக் காட்டினேன். அதைப் பார்க்க மாட்டேன் என்றார். "என்னை எடுத்தாயா, இல்லையா?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு லைசன்ஸ் பதில் இல்லை.

"நீங்களே பாருங்கள்" என்று எடுத்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். தடாகம் எதிலும் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய கூரையின் மூலை மட்டும் விழுந்திருந்தது. "இதையும் அழித்துவிடுகிறேன்" என்று விரலைக் கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். துவாய் நழுவுவதையும் கவனிக்காமல் திரைக்குக் கிட்டக் குனிந்தார். அந்த மூலையில் கூரைத் தகடுகள் கிளம்பி, கீழே கறுத்துப்போயிருந்தன. போன கோடையில்தான் ஒருவரைப் பிடித்துத் திருத்தினாராம். பொலிஸ் பற்றிய பேச்சு அதோடு நின்றது: "அழிக்காதே பெண்ணே, பெரிதாக்கு, என் கூரைக்காரன் பொய் சொல்லியிருக்கிறான்."

தாலிக்கு முன் தும்பி

எங்களுக்குத் தெரிந்த குணம் அண்ணையின் மகளுக்கு ஆற்றங்கரையில் கலியாணம். புல்வெளியில் மணவறை, இருநூறு கதிரை. "ஆக்களுக்கு மேலாலை பறக்கவிட மாட்டன் அண்ணை. சனம் சாப்பிடப் போனபிறகு மாப்பிளை பொம்பிளையை ஆத்தங்கரையிலை வைச்சு எடுப்பன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "ஓம் ஓம், உங்கடை விருப்பம்" என்றவர், அன்றைக்குப் பட்டு வேட்டியோடு வேறு ஆளாக இருந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது என்னிடம் ஓடிவந்து, "ஒருக்கா, ஒரேயொருக்கா தாழ்த்தி எடும் பிள்ளை" என்றார். குழந்தைகள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். காற்று விட்டு விட்டு அடித்தது. மாட்டேன் என்றேன். சபைக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்க, "பிறகேன் உமக்கு ட்ரோன்?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே நின்று எடுக்க வேண்டிய படங்களைத் தலையைக் குனிந்தபடி எடுத்துக்கொண்டிருந்தேன். பாலன் கிட்ட வந்து நின்றார்.

குணம் அண்ணையின் தங்கையின் மகன் டொரொண்டோவிலிருந்து வந்திருந்தான். முப்பது வயது, எஞ்சினியர். "மாமா, நான் எடுக்கிறன்" என்று தன் சின்ன ட்ரோனை எழுப்பிவிட்டான். சின்னதென்றாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. அது மணவறைக்கு மேலே வந்து நின்றதும் பந்தலில் தொங்கிய பூச்சரமெல்லாம் ஆடத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓமப் புகை சுழன்று நேரே மணமகளின் கண்ணுக்குள் போனது. அவள் இருமினாள், மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, கெட்டிமேளத்துக்குக் கை உயர்த்த வேண்டிய குருக்கள் மந்திரத்தை நிறுத்தினார். தாலித் தட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். குணம் அண்ணை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருமகனிடம் ஓடினார். ஒலிவாங்கி சட்டையில் பூட்டியிருந்ததை மறந்து குருக்கள் சொன்னது வாசல்வரை கேட்டது: "முதல்லை அந்தத் தும்பியை இறக்குங்கோ, பேந்து தாலியைப் பற்றிக் கதைப்பம்."

கலசத்துக்கு மேலே போகக்கூடாது

மொன்றியலின் மேற்குப் பக்கம் ஒரு கோயில். பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டுக் கோபுரத்தில் வெடிப்பு விழுந்துவிட்டதென்று ஒரு சந்தேகம். சாரம் கட்டிப் பார்ப்பது பெரிய வேலை என்பதால் நிர்வாக சபை என்னைக் கூப்பிட்டது. சபையில் நடராசா அண்ணை என்று ஒரு பெரியவர். கோபுரம் எழும்பிய காலத்திலிருந்து அங்கே தொண்டு செய்கிறவர். அவர் ஒரே பிடியாக நின்றார். "கலசத்துக்கு மேலாலை ஒண்டும் போகக்கூடாது." பாலன் வாய் சும்மா இருக்குமா? "அண்ணை, இறங்கிற பிளேன் எல்லாம் மேலாலைதானே போகுது" என்றார். நடராசா அண்ணை அவரைப் பார்த்த பார்வையில் நான் வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். "பிளேன்காரன் என்னைக் கேக்கேல்லைத் தம்பி. நீங்கள் கேட்டனீங்கள்" என்றார். கலசத்துக்குக் கீழேதான் பறப்பேன், மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகுதான் எழுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவரும் பக்கத்தில் நின்று பார்ப்பதென்று முடிவானது.

வாகனத் தரிப்பிடம் முழுக்க ஈரம். கோபுரத்துக்குக் கிட்டக் காற்று சுழலும். ஒரு கை தவறினால் சுதை உடைந்துவிடும். அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டில் மயிர் போல ஒரு கோடு. மேல் தட்டில், கீழேயிருந்து பார்த்தால் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் தெரிகிற பிள்ளையார். அவருடைய தும்பிக்கையின் அடியில் விரல் நுழைகிற வெடிப்பு, உள்ளே ஈரம். சந்தேகம் சரிதான். வெயிலுக்குத் திரையின்மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணியை விலக்கி, "அண்ணை, வந்து பாருங்கோ" என்றேன். பாலன் வானத்தைப் பார்த்துக்கொள்ள, நான் ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். காலடியில் ஏதோ சத்தம் கேட்டது. நடராசா அண்ணை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரத் தார்மேல் காலுறையோடு வந்து நின்றார். துணிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. வெடிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "வெடிப்பைப் பேந்து பாப்பம் தங்கச்சி, இந்த முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

படக்காரியாக இருந்தவரைக்கும் படம் சரியில்லை என்றுதான் பேச்சு வாங்கினேன். விமானியான பிறகு காற்று, மழை, வாத்து என்று மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குகிறேன்.